இடவலம்

லிஃப்ட் நின்று இன்றோடு பத்தொன்பது நாள்.
கட்டுப்பாட்டுப் பலகை கருகிப்போனது.
செய்த கம்பெனி மிலானில் மூடியாயிற்று.
சுங்கமோ எதையும் உள்ளே விடுவதாயில்லை.
ரொசாரியோவில் ஆகஸ்ட், ஆற்றிலிருந்து குளிர் ஏறி வருகிறது.
ஆறாம் மாடி வால்தெமார்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இரண்டு முழங்காலும் போனவர்,
பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குகிறார்.
ரொட்டிக்கடைப் பையன் நிரப்பி அனுப்புகிறான்.
கூடை ஒருதரம்கூடச் சுவரில் இடித்ததில்லை.

குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
டிவி பழுது பார்ப்பவள்தானே.

நீச்சல்குளக் கடையில் அமிலம் வாங்கினேன்.
இந்தக் குளிரில் யார் குளம் கழுவுகிறார்கள் என்றான் கடைக்காரன்.
யோலியின் சலூனில் பெராக்சைடு, நாற்பது வால்யூம்.
இந்த வயதில் பொன்னிறமா என்றாள்.
பளபளப்பான தாளுக்கு அவளிடமே ஒரு பழைய பத்திரிகை,
நடிகையின் மூன்றாவது கல்யாணம், நடுப்பக்கம்.
செம்பு பூசிய பலகை மட்டும் என் அலமாரியில் இருந்தது,
ஒன்றே ஒன்று.

கருகியதைப் பார்த்து, கோடு கோடாய் வரைந்து,
கல்யாணப் பக்கத்தின் மேல் லேசரில் அச்சடித்தேன்.
செம்பை உரசி, ஸ்பிரிட்டால் துடைத்து,
தாளைக் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன்.
தண்ணீரில் ஊறவைத்துக் கட்டைவிரலால் தேய்க்க
மணப்பெண் கூழாகிப் போனாள்,
கறுப்புப் பாதைகள் மட்டும் செம்பைக் கவ்விக்கொண்டு நின்றன.

பால்கனியில் பிளாஸ்டிக் தட்டு.
தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் கூடாது.
மூக்கைத் திருப்பிக்கொண்டு தட்டை மெல்ல அசைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு செம்பு சிவப்புச் செத்து மங்கியது,
ஓரத்தில் நுரை,
கரைசலில் பச்சை இறங்கியது, பச்சை என்றால்
கண்ணை எடுக்க முடியாத பச்சை.
பதினோரு நிமிஷம்.
நகப்பூச்சு நீக்கியால் கறுப்பைத் துடைத்தேன்,
விளக்கடியில் பிடித்தேன்.

மூலையில், ஒரு பெருமைக்காக, பெயரைப் போட்டிருந்தேன்.
அட்லிமோர்.
யார் இந்த அட்லிமோர்?
வயிற்றுவலி மாத்திரைபோல ஒரு பெயர்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
ரொமில்டா, முட்டாளே,
அச்சடிக்குமுன் படத்தை இடவலம் மாற்ற மறந்துவிட்டாய்.

வேறு பலகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை.
கீழே கூடை வந்து நின்று, காலியாகவே ஏறிப்போனது.
ரொட்டிக்கடையும் பூட்டிக் கிடந்தது.

இடம் வலமானால் மேலே கீழே ஆகட்டும்.
சிப்புகளைச் செம்புப் பக்கமே உட்கார வைத்தேன்,
பாதைகளின் முதுகிலேயே.
ரிலேக்கள்தான் பாடாய்ப் படுத்தின:
அரை அங்குலம் தூக்கி நிறுத்தி
இடுக்கில் ஊசிமுனையை நுழைத்து ஈயம் வைப்பதற்குள்
விரல் இரண்டு இடத்தில் பொரிந்தது.
விடியற்காலம் நாலு மணி.
பார்க்க அசிங்கம். மீட்டர் மட்டும் எல்லா இடத்திலும் கீச்சென்றது.

மொட்டைமாடி இயந்திர அறைக்குப் படியேறினேன்.
நான்காம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபடி நின்றிருந்தது,
மூச்சு வாங்க உள்ளே போனேன்.
எதிரே கண்ணாடி.
நெஞ்சோடு அணைத்திருந்த பலகையில்
சாலிடர் கறைகளுக்கு நடுவே, சரியாக, நேராக:
ரொமில்டா.
அதைப் படிக்க அந்த ஒரு இடம்தான் இருந்தது.

ஆறே காலுக்கு மோட்டார் முனகியது.
வால்தெமார் சட்டைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு
கையில் அதே கூடையோடு இறங்கினார்.
நன்றி சொல்லவில்லை. தரையில் நிறுத்தும்போது
இரண்டு விரற்கடை தூக்கலாக நிற்கிறது என்றார்.
சரிதான், நிற்கிறது.

பச்சையை ஊறுகாய் ஜாடியில் ஊற்றி மூடியிருக்கிறேன்,
சாக்கடையில் விட மனசில்லை, யாரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை.
பலகையில் நின்ற செம்பைவிட
அதற்குள் இருப்பது அதிகம்.
குடிக்காதே என்று எழுதி ஒட்டினேன்.
கீழே கையெழுத்து, அட்லிமோர்.