இரண்டு பீப்

பள்ளத்தூர்க் கண்மாயில் தண்ணீர் இல்லை.
அதனால்தான் இடம் கிடைத்தது.

ஏவுதண்டில் ராக்கெட், ஏணியில் நான்.
பென்சில் முனை நுழையும் துளைக்குள்
ஸ்குரூடிரைவரை விட்டுத் திருகினேன்.
மூன்று பீப் வரவேண்டும்.
இரண்டே வந்தது.
பெரிய பாராசூட்டின் திரி பேசவில்லை.

"நீ தப்பா எண்ணியிருப்ப, உமையா"
என்றான் வயிரவன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
மறுபடி கேட்டோம். இரண்டு.

அணைத்தேன். இறக்கினோம்.
வெடிமருந்துக் குப்பிக்கு முகம் காட்டாமல்
பக்கவாட்டில் உட்கார்ந்து
சிறகு நட்டுகளைக் கழற்றினேன்.
ஒன்று செம்மண்ணில் உருண்டது,
ரஃபீக் தேடட்டும்.

பலகை வழுக்கி வெளியே வந்தது:
ஒன்பது வோல்ட் பேட்டரி,
அதைப் பிடித்திருக்கும் என் தலைமுடி ரப்பர்,
நேற்று காரைக்குடி லாட்ஜில் கரண்டு போனபோது
செல்போன் வெளிச்சத்தில் நான் மாட்டிய ஒயர்.
செம்பை விட்டுவிட்டு
அதன் பச்சைத் தோலைக்
கடித்துக்கொண்டிருந்தது திருகாணி.

வயிரவன் ஒன்றும் சொல்லவில்லை.
அதுவும் காதில் விழுந்தது.

தோலை உரித்து முறுக்கினேன்.
பலகை, மூடி, நட்டு,
மறுபடி ஏணி, துளை.
பீப்.
பீப்.
கரையில் ஒரு மாடு கத்தியது.
"அதைச் சேர்க்காத" என்றான்.

பீப்.