தனி வளை

மொன்றியலில் முதல் உறைபனி விழுந்த இரவு
குசினிச் சுவருக்குள் யாரோ குடிவந்தார்கள்.
ஒப்பந்தம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை,
பிணை நிற்க ஆள் எங்கே என்று கேட்கவில்லை ஒருவரும்.
எனக்கு இந்த மூன்றாம் மாடி கிடைக்க
ஆறு கிழமை எடுத்தது.

முதலில் கடதாசி கிழிக்கிற சத்தம்.
பிறகு ஓட்டம்: சிங்கின் அடியிலிருந்து
ஹீட்டர் குழாய் வழியே படுக்கையறை வரை,
நின்று,
மறந்த எதையோ எடுக்கப் போவதுபோல
மறுபடி குசினிக்கு.

காலையில் பருப்புப் பையில் ஒரு துளை.
கறுவாப்பட்டைக்குப் பக்கத்தில்
கருஞ்சீரகம் என்று நான் நினைத்தது
கருஞ்சீரகம் இல்லை.

வீட்டுக்காரர் ஸ்பிரோசுக்குப் போன் எடுத்தேன்.
உங்கட அரிசிச் சாக்குத்தான் காரணம் என்றார்.
கீழ்வீட்டு குர்லீனிடம் அவளுடைய ஆட்டா மா காரணமாம்.
முதலாம் மாடியில், பிள்ளை சிந்தும் பிஸ்கட்.
நூறு வயதுச் செங்கல் மேல்
ஒரு குற்றமும் இல்லை.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாம்தான்.
வீடு என்னுடையதில்லையே.

டொலர் கடையில் கம்பிப் பஞ்சும் நாலு மரப்பொறியும்.
குழாய் சுவருக்குள் போகும் இடமெல்லாம்
கரண்டிக் காம்பால் இடித்து இடித்து அடைத்தேன்.
பொறியில் கச்சான் பட்டர் வைத்தேன், நக்கிவிட்டுப் போனது.
நெத்தலிக் கருவாடு வைத்தேன், அதுவும் போனது.
கேட்கக்கூடாததைக் கேட்டவர் மாதிரி
பொறி வாயைப் பிளந்தபடியே கிடந்தது.
பசைத்தட்டு வாங்கவில்லை.
ஒட்டிக்கொண்டு உயிரோடு கிடப்பது என்னவென்று
அகதி வழக்கு நடந்த மூன்று வருடத்தில்
ஓரளவு தெரியும்.

பவானந்தனுக்குப் பேகல் கடையில் இரவு வேலை.
மூன்று மணிக்கு, சத்தம் தாங்காமல் எழும்பி
மடித்த விரலால் சுவரில் தட்டினேன்:
டொக், டொக்.
ஓட்டம் நின்றது.
பிறகு, சுவரின் அந்தப் பக்கமிருந்து,
டொக், டொக்.

எலி தட்டாது என்று விளங்க
எனக்கு ஒரு நிமிடம் எடுத்தது.

பக்கத்துக் கட்டிடத்தின் வாசல் வேறு தெருவில்.
அங்கே யார் இருக்கிறார் என்று அறியேன்.
இருமல் கேட்டிருக்கிறேன், ஆண் இருமல்.
சனி இரவில் வானொலி, ஹொக்கியாக இருக்கலாம்.
எங்கள் இருவருக்கும் நடுவில் நாலங்குல இருட்டு,
அதற்குள் அது.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
அதற்கு இருக்கிறது.
எனக்கும் அந்த மனுசனுக்கும்
ஒன்றாம் திகதி இருக்கிறது.

நவம்பர் முழுக்க இப்படித்தான்.
நான் இரண்டு தட்டினால் அங்கேயும் இரண்டு.
சில இரவு அவர் முந்திக்கொள்வார்:
இப்ப உன்ர பக்கம் வருகுது, பார்.
ஒருநாள் சத்தமே இல்லாதபோதும் தட்டினேன்.
அதைப் பவானந்தனிடம் சொல்லவில்லை.

காலையில் பிரெஞ்சு வகுப்பு.
பாணும் குசினியும் முன்னமே தெரிந்த மாதிரியான சொற்கள்,
மற்றதெல்லாம் மலை.
அன்று ஆசிரியை பலகையில் எழுதிய சொல்லை
சூரி என்று வாசிக்க வேண்டுமாம்.
சுண்டெலி.
கீழே மறுபடி அதே சொல், எழுத்துப் பிசகாமல்:
நீ புன்னகைக்கிறாய்.
பகிடியாக்கும் என்று சுற்றிப் பார்த்தேன்.
எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பரில் ஒரு குப்பை நாள்.
பின் ஒழுங்கையில், முழங்கால் பனியில்,
வீட்டுச் செருப்போடு நெடுத்த ஒரு மனிதர்.
கையில் முடிச்சிட்ட பாண் பை.
மூலையில் சின்னப் பாரம், ஒரு வால்.
என்னைப் பார்த்தார். என் யன்னலை அண்ணாந்து பார்த்தார்.
இருமினார்.
பையைத் தூக்கிக் காட்டி, சூரி, என்றார்.

நான் சிரித்தேன்.
இரண்டில் எதைச் சொன்னார் என்று
இன்னும் கேட்கவில்லை.

அன்றிரவு மூன்று மணிக்கும் விழிப்பு வந்தது.
ஹீட்டர் மட்டும் ஒருமுறை முனகியது.
விரலை மடித்துச் சுவரில் வைத்தேன்.
தட்ட ஒரு காரணமும் இல்லை.
சுவர் குளிர்ந்தது.

குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
பருப்புப் போத்தலின் மூடியை
ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு வந்து
படுத்தேன்.