பெட்டிக்குள் ஒரு பள்ளம்

பர்னுவில் ஜனவரி.
கடல் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது.
பழைய மாவு ஆலையில் இருந்த அருங்காட்சியகக் கிடங்கை
ஊருக்கு வெளியே
புதுக் கொட்டகைக்கு மாற்றுகிறோம்.
நாற்பத்தோராயிரம் பொருள்கள்.
மணிக்கூலிக்கு நான்கு பேர்.

என் கையில் ஸ்கேனர்.
காட்டினால் சிவப்புக் கோடு,
பதிந்தால் ஒரு பீப்.
முதலில் பெட்டி, பிறகு அலமாரி.
இது இங்கே இருக்கிறது என்று
எந்திரத்திடம் சொல்ல
இவ்வளவுதான் இலக்கணம்.

பார்கோடைப் பொருளின் மேல் ஒட்டக் கூடாது.
பருத்தி நூலில் கோத்துக் கட்ட வேண்டும்,
முடிச்சு இறுகாமல்.
வண்டுக்கு, குத்திய ஊசியின் அடியில்,
வண்டைவிடப் பெரிய சீட்டு.
ஆறு காலும் விரித்து
தன் எண்ணின் மேல் நிற்கிறது அது.
மீன்வலைக்கு எங்கே கட்டுவது என்றேன்.
"ஓட்டையைத் தவிர எங்கே வேண்டுமானாலும்,"
என்றாள் ஊர்வே. சிரிக்கவில்லை.

மதிய இடைவேளையில் ரெய்ன்
தன் மோர்ப் பாட்டிலை ஸ்கேனரில் காட்டினான்.
அப்படியொரு பொருள் சேகரிப்பில் இல்லை.
குடித்து முடித்துவிட்டு
மறுபடி காட்டினான்.
அதே பதில்.

பெட்டி 20417.
ஆட்டு மணி, வெண்கலம், முஹு தீவு.
தூக்கியபோது கை எதிர்பார்த்ததைவிட
மேலே போய்விட்டது.
திறந்தேன்.
நுரைப் பஞ்சில் கத்தியால் கவனமாகச் செதுக்கிய
மணி வடிவப் பள்ளம்.
மணி இல்லை.

திரையில் அதன் பயணம் முழுசாக இருந்தது.
2009, அலமாரி ஆறு.
2012, கண்காட்சிக்குப் போய்த் திரும்பியது.
2015, தண்ணீர்க் குழாய் வெடித்தபோது மாடிக்கு.
2019, மீண்டும் கீழே.
ஒவ்வொரு முறையும் யாரோ இரண்டு கையாலும் ஏந்தி,
படி பார்த்து இறங்கி,
இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.
கோடுகள் இருந்தது பெட்டியின் மேல்.
மணியை யாரும் கேட்கவில்லை.

ஊர்வே பழைய பேரேட்டை எடுத்துவந்தாள்.
1936இன் பழுப்பு மை, சாய்ந்த கையெழுத்து:
'நாக்கு உண்டு. தாழ்ந்த ஓசை.
இரண்டு வயல் தாண்டிக் கேட்கும்.'
இதற்குத் திரையில் கட்டம் இல்லை.
பிறகு அளவு நாடாவை எடுத்து
பள்ளத்தை அளந்தாள்.
உயரம் ஒன்பது, வாய் ஏழரை.

இரண்டு வாரம் கழித்து,
தூண்டில் ஈயக்குண்டுகளின் இழுப்பறையில்,
எண் இல்லாத ஒரு மணி அகப்பட்டது.
ரெய்ன் கையுறை போட மறந்து ஓடிவந்தான்.
வரும் வழியெல்லாம் அது
கரகரவென்று சின்னக் குரலில் அடித்துக்கொண்டே வந்தது.
பள்ளத்தில் இறக்கினோம்.
விளிம்பு அரை சென்டிமீட்டர் வெளியே நின்றது.
கொஞ்சம் அழுத்திப் பார்த்தான்.
"விடு," என்றாள் ஊர்வே.

அது வேறு மணி.
அதற்குப் புது எண், புதுக் கோடுகள், புது நூல்.
எங்கிருந்து என்ற கட்டத்தில்
'கிடங்கில் கிடைத்தது'.
எந்த ஆட்டின் கழுத்தோ,
இப்போது கிடங்கு.

பழைய பெட்டியை நீக்க
குழு கூட வேண்டும், கையெழுத்து வேண்டும்,
மார்ச் ஆகிவிடும்.
அதுவரை அதுவும் பொருள்தான்.
மூடினேன். வேனில் ஏறினேன்.
உறைந்த சாலை முழுக்க
மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்,
குலுங்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும்.

அலமாரி முப்பத்தொன்று, இரண்டாம் தட்டு.
சிவப்புக் கோடு.
பீப்.