எதிர்பார்த்தது: ஒன்று

மூன்று யன்னல், மூன்று கணினி,
எதிலும் நான் இல்லை.
"பௌஸியா எண்டு ஒருத்தரும் பதிவில இல்லையே"
உட்துறைமுக வீதிக் கந்தோரில்
கண்ணாடிக்கு அப்பாலிருந்து சொன்னவர்
நல்ல மனிதர். தேநீர்கூடத் தந்தார்.

பிழை ஒரு கொம்புக்குப் பக்கத்தில் இருந்தது.
யாரோ என்னைப்
பகரத்துக்குக் கொம்பு வைத்து
அருகில் ஒரு ளகரத்தை நட்டு எழுதியிருக்கிறார்கள்.
கண்ணுக்கு ஒரே பெயர்.
இயந்திரத்துக்கு அவள் வேறொருத்தி:
பெ, ள, ஸியா.

தேடும் நிரலின் மூலம்
எல்லோருக்கும் திறந்தே கிடந்தது.
திருத்த எனக்குத் தெரியாது.
சோதனை எழுதத் தெரியும்.

கிண்ணியாப் பாலத்தில் பஸ் நின்றுபோன மாலை
மடியில் வைத்து ஒன்பது வரி.
கன்னியா வெந்நீர்க் கிணற்றில்
வாளியைத் தலையில் கவிழ்க்க முதல்
ஒரு விரலை விடுவோமே,
அவ்வளவுதான்.

தேடு: பௌஸியா.
எதிர்பார்த்தது: ஒன்று.
கிடைத்தது: பூச்சியம்.

சிவப்பாக விழுந்தது.
தோற்றதற்காக
முதல் தடவை சந்தோஷப்பட்டேன்.

திட்டத்தைப் பராமரிக்கும் ரெய்யோ
பனி நாட்டுக்காரர், தமிழ் தெரியாது.
கேட்டார்: "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது."
"அதுதான்" என்று எழுதினேன்.

பதினொரு நாளில் பச்சை.
கூடவே மௌஜூதா ராத்தாவையும்
பக்கத்து மேசை கௌதமியையும் சேர்த்துவிட்டேன்.
இனி எவரோ எங்கோ
ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும்
அந்த நிரல் முதலில் எங்களைத் தேடிப் பார்க்கும்,
இருக்கிறோமா என்று.

கந்தோரில் இன்னும் பழைய பதிப்பு.
நாளைக்கும் தேநீர் தருவார்.