ஐந்நூறு சீட்டுகள்

திங்களும் வியாழனும்
ஒரு குவளைச் சிறுநீரை
சூடு ஆறுமுன் கொடுக்க வேண்டும்.
எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று
கதவுக்கு வெளியே நின்று
வானிலை பேசுவாள் இமோஜீன்.
நாற்பத்தொரு வயதில்
இதற்குத்தான் பாராட்டு வாங்குகிறேன்.

அட்டையில் இரண்டு கோடு விழுந்தால்
தங்கமீன் வளர்க்கும் கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டுவாள்.
மீன் இல்லை. மடித்த சீட்டுகள், ஐந்நூறு.
பாதியில் ‘நன்று’ என்று மட்டும்.
மீதியில் சோப்பு, சாக்ஸ்,
சிலவற்றில் இருபது டாலர் பொருள்,
ஒரே ஒன்றில் தொலைக்காட்சிப் பெட்டி.
அந்த ஒன்றை எடுத்தவர்களை
கிளென்டைவில் யாரும் பார்த்ததில்லை.

முதலில் ஒரு சீட்டு. தவறாமல் வந்தால்
இரண்டு, மூன்று என்று ஏணி.
தவறினால் பாம்பு.
மறுபடி ஒன்று.

“ஹெராயினுக்கு மாற்று மருந்து உண்டு,
குடிக்கு மாத்திரை உண்டு.
உனக்கு…” என்று கண்ணாடியைத் துடைத்தார்
டாக்டர் ஓஸ்டர்ஹவுட்.
“தூக்கம், முட்டை,
வட்டமாகப் போட்ட நாற்காலிகள்,
அப்புறம் இந்தக் கிண்ணம்.”
சிரித்துவிட்டேன்,
பல் போன பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு.

அக்டோபரில் பீட்ரூட் வந்து இறங்கினால்
பிப்ரவரி வரை சர்க்கரை ஆலை கண்மூடாது.
பன்னிரண்டு மணி நேர இரவுகள்.
இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான்
கார்வின் கொடுத்தான்.
அந்த வாரம் ஆறு வருடம் நீண்டது.
கன்வேயர் நிறைய வெள்ளைப் படிகம் ஓடும்.
அதில் ஒரு சிட்டிகைகூட
நான் வாயில் போட்டதில்லை.

விட்டபின் பதினொரு நாள் தூங்கினேன்.
விழித்தால் உலகம் உப்பில்லாத கஞ்சி.
ஓப்பல் தொலைபேசியில் பாடிக் காட்டினாள்.
என் மகள் நன்றாகப் பாடுகிறாள் என்று தெரிந்தது.
தெரிந்தது,
அவ்வளவுதான்.
சந்தோஷம் திரும்பி வர
ஒரு வருடம்கூட ஆகலாம் என்றது துண்டறிக்கை.
எந்தச் சரக்கு ரயிலில் வருகிறதோ.

ஏழாவது வாரம்.
என் கணக்கில் எட்டுச் சீட்டு.
ஞாயிறு மாலை
வாசலில் வந்து நின்றது கார்வினின் வண்டி.
ஹாரன் அடிக்கவில்லை.
எஞ்சினை அணைக்கவுமில்லை.

திங்கள் போகாமல் இருந்திருக்கலாம்.
போனேன்.
குவளையை வாங்குமுன் சொன்னேன்:
“இதில் இருக்கும்.”
இமோஜீன் அறிவுரை சொல்லவில்லை,
பெருமூச்சு விடவில்லை,
பதிவேட்டில் எழுதினாள்.
கிண்ணம் அலமாரியை விட்டு வரவில்லை.
“வியாழன் பனிப்புயலாம். சீக்கிரம் கிளம்பு.”

வியாழன், பனி அள்ளும் வண்டிக்காரர்
என்னை ஏற்றி வந்து இறக்கினார்.
அன்றும் ஒரு கோடுதான்.
உடம்பு பொய் சொல்லக் கற்கவில்லை, என்னைப் போல.

அடுத்த திங்கள் இரண்டாவது கோடு
நூலாக, மங்கலாக,
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்தது.
மங்கலும் கோடுதான் என்றாள்.
ஒரே சீட்டு.
பிரித்தேன்.
‘நன்று’.
பச்சைப் பேனாவில், யாரோ அவசரமாக எழுதியது.
சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.
“அதைக் கொடு,
கிண்ணத்தில் குறையும்” என்றாள்.
கொடுத்தேன், மனசில்லாமல்.

மார்ச் கடைசியில் இருபது டாலர் விழுந்தது.
பரிசு அலமாரியில் சட்டி, கைவிளக்கு,
குளியலறைக்கான பிளாஸ்டிக் திரை:
மஞ்சள் மீன்கள், விலை பத்தொன்பது.
வீட்டில் குளியலறைக் கதவு நன்றாகவே மூடும்.
படுக்கையறை ஜன்னலில்தான்
ஆறு வருடமாக அலுமினியத் தாள்.
வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று
நானே ஒட்டியது.

உரிக்கப் பாதி நாள் ஆயிற்று.
பசை நகத்தில் இன்னும் இருக்கிறது.
காலையில் எதிர்ச்சுவரில்
மீன்களின் நிறம் மெல்ல நகர்ந்தது.
அழகு என்று தோன்றியதா,
வெறுமனே தெரிந்ததா, சொல்லத் தெரியவில்லை.
எட்டரைவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை.
பேருந்து எட்டு நாற்பதுக்கு.