நூற்றிப் பதினேழு வட்டம்

கதவு நல்லாயிருக்கு. டிக்கியும் நல்லாயிருக்கு.
பொனட்டிலும் முன் மட்காட் இரண்டிலும் மட்டும்
அப்பளம் பொரிந்த மாதிரி.

களுவாஞ்சிகுடி மெயின் றோட்டில்
என் கராஜ் வாசலில் காரை நிப்பாட்டி
இறங்கினா ஜெஸீமா மிஸ்.
மருதமுனை. குடும்பநல மருத்துவமாது.
சண்டைக்கு வரவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

"கடல் காத்து மிஸ்" என்றேன்.
"உப்பு. இந்தப் பக்கம் எல்லா வாகனத்துக்கும் –"
"அப்ப கதவுக்கு உப்புப் பிடிக்கல்லயா?"

வெற்றிலை துப்பப் போகிறவன் போல
மதிலடிக்குப் போய் வந்தேன்.
வாயில் வெற்றிலை இல்லை.

லொறி இடித்துத் தகரம் நசுங்கிய வருசம்
சாமான் எங்கும் கிடைக்காமல்
சாய்ந்தமருதில் தோணி வார்க்கும் றியாழிடம்
அச்செடுத்து வாங்கிய மூன்று துண்டு அவை.
ஃபைபர். பசையில் ஊறிய கண்ணாடி நூல்.
தட்டினால் தகரம் போலப் பேசாது.
எதைக் கொடுத்தாலும்
உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும்.

நான் கொடுத்தது மார்கழித் தண்ணீர்.
வாவி வந்து றோட்டில் ஏறி நின்ற வாரம்.
தண்ணீர்த்தாள் போட்டுத் தேய்த்தேன்,
பழஞ்சாரத்தால் துடைத்தேன்,
காய்ந்துவிட்டது என்று உள்ளங்கை சொன்னது.
உள்ளங்கைக்கு என்ன தெரியும்?
நாலாம் நாள் அவ தம்பிக்குக் கலியாணம்.
அதற்குள் பிறைமர், அதற்குள் வெள்ளி நிறம்,
அதற்குள் காசு, முழுசாக.

மிஸ் குனிந்து
ஒரு கொப்புளத்தைப் பெருவிரலால் அழுத்தினா.
பத்து எண்ணும் நேரம் வைத்திருந்து எடுத்தா.
காலில் நீர் வைத்த பிள்ளைத்தாச்சிகளை
அழுத்திப் பார்க்கிற விரல்.
"குழி விழுதில்ல, எழும்பி வருது.
உள்ளுக்கு என்னவோ இருக்கு.
எப்ப இருந்து?"

"மார்கழியில இருந்து மிஸ்"
என்றது என் வாய், என்னைக் கேட்காமல்.

அவ ஒன்றும் சொல்லவில்லை.
கொப்பியில் திகதி எழுதுகிறவபோல
தலையை மட்டும் ஆட்டினா.

பென்சிலால் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டேன்.
நூற்றிப் பதினேழு.
கத்தி நுனியால் ஒன்றைக் கிள்ள
கண்ணீரளவு நீர். புளித்த வாடை.
உரிக்கிற திராவகம் தகரத்துக்குத்தான் சரி,
இதில் ஊற்றினால் பெயின்டோடு பசையையும் தின்னும்.
நெருப்பும் காட்டக் கூடாது.
மட்டைத்தாள், கை, தோள்மூட்டு:
ஐந்து நாள் வெள்ளைத் தூசு குடித்தேன்.

றியாழுக்குப் போன் எடுத்தேன்.
"தோணிக்கும் இந்த வருத்தம் வாறதுதான் நாநா.
கரையேத்திக் கவுத்துப் போட்டுட்டு
நாங்க வேற வேல பார்ப்பம்."

பொனட்டைக் கழற்றிப்
பலகைமேல் கவிழ்த்துப் போட்டேன்,
மட்காட்களைப் பக்கத்தில்.
ஆனி மாதம். கச்சான் காற்று
வயல் தாண்டிச் சூடாக வந்து
அவற்றைத் தடவித் தடவிப் போனது.
முகமில்லாத கார் முற்றத்தில்
குடலைக் காட்டிக்கொண்டு நின்றது.
மிஸ் கிளினிக்குக்கு மோட்டார்சைக்கிளில் போனா,
தங்கச்சி மகனுடையது, சைலன்சர் ஓட்டை.
வாறது கல்லாற்றிலேயே கேட்கும்.
கேட்டதும் நான் காருக்குக் கீழே படுத்துவிடுவேன்.

இரவில் ஒரு துண்டு பொலித்தீனை
நாலு பக்கமும் டேப் ஒட்டி வைப்பேன்.
விடியப் பார்ப்பேன்.
முதல் கிழமை உள்ளே மழை பெய்திருந்தது.
மூன்றாம் கிழமை மூச்சு விட்ட கண்ணாடிபோல.

இன்று காலை ஒரு துளி.
ஒன்றே ஒன்று, மூலையில், கடுகளவு.

பிறைமர் கலந்து வைத்திருக்கிறேன்.
வாடகை இருக்கிறது. மற்ற வேலைகள் இருக்கிறன.
துடைத்திருக்கலாம்.
துடைத்தால் றியாழுக்கும் தெரியாது.

போன் எடுத்தேன்.
"இன்னும் ரெண்டு கிழமை மிஸ்."
அந்தப் பக்கம் யாரோ வீட்டில்
ஒரு பச்சைக் குழந்தை வீரிட்டுக் கத்தியது.
"சத்தமாச் சொல்லுங்க, விளங்கல்ல."

சத்தமாகச் சொன்னேன்.
கலந்த பிறைமர் டின்னுக்குள்
இறுகத் தொடங்கியிருந்தது.