பதினாறில் எட்டு

பெட்டி வந்த அன்றே பதினாறும் உள்ளேதான் இருந்தன.
எட்டுக்குத்தான் காசு கட்டியிருந்தோம்.
மிச்ச எட்டும் சும்மா:
கரண்ட் உண்டு, வேலை கிடையாது.

போச்சம்பள்ளிச் சாலை, மாம்பழக்கூழ் ஆலை.
ஜூன் இரண்டாம் வாரம்.
பெங்களூரா மொத்தமும்
சொல்லிவைத்தாற்போல் ஒரே ராத்திரியில் பழுத்துத் தொலைக்க,
எடைமேடையிலிருந்து சலபதி:
"சீட்டு வரல சார். வண்டி பெட்ரோல் பங்க் தாண்டி நிக்குது.
அடிப்பழம் ஒழுக ஆரம்பிச்சிருச்சு."

திரையில் எட்டும் நூறைத் தொட்டு முழி பிதுங்குகின்றன.
ஒரு லாரியின் எடையை எழுதி முடிக்க நாற்பது நொடி.
நாற்பது நொடியில்
குப்பத்து டிரைவர் ஒருவரால் என் மூன்று தலைமுறையை வைய முடியும்,
இரண்டு மொழியில்.

புனேயில் தூங்காத ஒரு பெண்
நாலு பிராசஸருக்கான சாவியைப் போனில் வாசிக்கிறாள்.
முப்பத்து நாலு எழுத்து.
கூழ் டப்பா அட்டையில் எழுதிக்கொள்கிறேன்.
"ஓ இல்லை, சைபர்" என்கிறாள்.
சைபருக்கு வயிற்றில் கோடு போடுகிறேன்.

மணி பதினொன்று நாற்பத்தாறு.

தட்டப்போன விரலைக் கணக்குப் பிரிவு வரதராஜுலு
போனிலேயே பிடித்தார்:
"நாள் வாடகைப்பா அது. பன்னெண்டு அடிக்கட்டும்.
பதினாலு நிமிஷத்துக்கு ஒரு நாள் காசு அழுவானேன்?"
நியாயம்தான்.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
கேட் ஓரம் சுமையாட்கள் இருபது பேர்.
மாதப்பன் துண்டை விரித்துப் படுத்திருந்தான்.
மேஸ்திரி கூப்பிட்டும் ஒருவரும் எழவில்லை.
பன்னிரண்டுக்கு முன்னால் பேர் கொடுத்தால் அரைக் கூலி,
அடித்தபின் கொடுத்தால் முழுசு.
அவர்களுக்கும் கணக்குத் தெரியும்.

ஆக, உள்ளே நாலு, வெளியே இருபது,
நடுவில் அட்டையும் கையுமாய் நான்,
எல்லோரும் தேதி மாறக் காத்திருந்தோம்.
பழத்துக்குத்தான் தேதி தெரியவில்லை.
லாரியடியில் தார் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு.
சத்தமில்லை, விளக்கில்லை.
எட்டு என்றிருந்த இடத்திலும் பன்னிரண்டு.
மாதப்பன் துண்டை உதறினான்.
சீட்டு சரசரவென்று கிழிபடத் தொடங்கியது.

மறுநாள் இரவு பதினொன்று ஐம்பத்தெட்டு.
நாலையும் திரும்பப் படுக்க வைக்க வேண்டும்.
மூன்று படுத்தன.
நாலாவதின் கையில்
ஒரு வண்டியின் எடை பாதியில் இருந்தது.
இறக்கி வைக்கட்டும் என்று விட்டேன்.
காலையில் வரதராஜுலு கேட்பார்.